குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் என்பது, கருவில் முழு வளர்ச்சி அடைவதற்கு முன்பே பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முறைதவறி வளர்வதால் ஏற்படும் நோயாகும். உரிய காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றலாம். தவறினால் இரு கண்களிலும் நிரந்தரப் பார்வையிழப்பு ஏற்படலாம்.

நோய் உண்டாகும் விதம்

கருவின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய 16ஆவது வாரத்தில் வளரத் தொடங்குகின்றன. பார்வை நரம்பின் அருகில் தொடங்கும் இவ்வளர்ச்சி, கருக்காலத்தின் ஏறத்தாழ 40ஆவது வாரத்தில்தான் விழித்திரையின் ஓரங்களை முழுமையாகச் சென்றடைகிறது. முன்னதாகவே பிறக்கும் குழந்தைக்கு ஓரப்பகுதிகளில் இரத்தக் குழாய்கள் இருப்பதில்லை.

கருப்பையில் கிடைத்ததைவிட அதிகமான ஆக்சிசன் பிறந்தபின் கிடைப்பதால், குழாய்களின் வளர்ச்சி முதலில் நின்றுவிடுகிறது. சில வாரங்களில் விழித்திரை வளர வளர, அதன் ஆக்சிசன் தேவை கூடுகிறது. அப்போது சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் புதிய குழாய்களைத் தூண்டுகின்றன. வலுவற்ற இக்குழாய்கள் கசிந்து, தழும்பாகி, விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடலாம்.

வரலாறு

1942இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியோடர் டெரி இந்நோயை முதலில் விவரித்தார். மிகையான ஆக்சிசனே காரணமாக இருக்கலாம் என்று 1951இல் ஆத்திரேலிய மருத்துவர் கேட் கேம்பல் சுட்டிக்காட்டினார்; பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. 1950இல் குறைமாதத்தில் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் இந்நோயால் பார்வை இழந்தவர். ஆக்சிசனைக் கடுமையாகக் குறைத்தபோது நோய் குறைந்தது. ஆனால் குழந்தை இறப்புகள் கூடின. எனவே, இன்று ஆக்சிசன் அளவைத் தொடர்ந்து கண்காணித்துத் தேவையான அளவே கொடுக்கின்றனர்.

இடர்க் காரணிகள்

குறைந்த கருக்காலமும் குறைந்த பிறப்பு எடையும் முதன்மையான காரணிகள். கட்டுப்பாடற்ற ஆக்சிசன், நீண்டநாள் செயற்கைச் சுவாசம், இரத்தத்தில் கிருமித்தொற்று, இரத்தம் ஏற்றுதல், பிறந்தபின் எடை சரிவரக் கூடாமை ஆகியவையும் இடரை அதிகரிக்கின்றன.

பரிசோதனை

இந்நோய் பிறக்கும்போதே இருப்பதில்லை; சில வாரங்கள் கழித்தே தோன்றுகிறது. தொடக்கத்தில் கண் வெளிப்பார்வைக்கு இயல்பாகவே இருக்கும். கண்பாவை வெண்மையாகத் தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். எனவே, பெற்றோர் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

இந்தியாவில் 34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு, பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே செய்ய வேண்டும். சொட்டு மருந்தால் கண்பாவையை விரித்து மருத்துவர் சோதிப்பார். முதல் சோதனையில் குறையில்லை என்றாலும், குழாய் வளர்ச்சி நிறைவுறும்வரை மறுசோதனைகள் தேவை. குழந்தை வீடு திரும்பிய பின்னரும் இதை விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் குறைமாதத்தில் பிறந்து, இப்பரிசோதனை செய்யப்படாமல் பார்வையிழந்த ஒரு பெண்ணுக்கு, 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

சிகிச்சை

நோய் ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதலிரு நிலைகள் பெரும்பாலும் தாமாகவே சரியாகின்றன. நோய் தீவிரமடைந்தால் லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தோ சில நாட்களுக்குள் அளிக்கப்பட வேண்டும். விழித்திரை முழுவதும் பிரிந்துவிட்ட ஐந்தாம் நிலையில் அறுவை செய்தாலும் நல்ல பார்வை கிடைப்பது அரிது. குணமான குழந்தைகளுக்கும் கிட்டப்பார்வை, மாறுகண் போன்றவை பின்னர் வரக்கூடும் என்பதால், பள்ளிப் பருவத்திலும் கண் பரிசோதனை தொடர வேண்டும்.