பாடத்தில் இல்லாத கேள்வி



ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் பங்குகளில் மறைக்கல்வி வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆசிரியர் சொல்கிறார், பிள்ளைகள் எழுதுகிறார்கள், தேர்வில் ஒப்பித்துப் பரிசும் பெறுகிறார்கள். ஆனால் உறுதிபூசுதல் பெற்ற பிறகு அவர்களில் பலரை ஆலயத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஏன்?

ஒருமுறை வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, "பாட்டிக்காக எல்லாரும் செபித்தோமே, கடவுள் ஏன் குணமாக்கவில்லை?" என்று கேட்டாள். "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்றோம். உட்கார்ந்தாள். அதன்பின் அவள் எதையுமே கேட்கவில்லை.

ஆசிரியர் போட்டுவைப்பதும், மாணவர் சேமித்துவைப்பதுமான கல்வியை வங்கிக் கணக்குக்கு ஒப்பிட்டார் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிரேயிரே. அவர் 1963ஆம் ஆண்டு அங்கிகோஸ் என்னும் ஊரில், உழைக்கும் மக்கள் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் முயற்சியை நடத்தினார். அம்மக்களின் அன்றாடச் சொற்களே பாடம், கலந்துரையாடலே வகுப்பு.

ஆண்டவர் இயேசுவின் வழியும் இதுதான். 12 வயதில் கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டார்; கேள்விகளும் எழுப்பினார் (லூக் 2:46). தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் வினவியபோது, இயேசு விளக்கம் சொல்லி முடித்துவிடவில்லை. நல்ல சமாரியர் உவமையைச் சொல்லி, அந்த மூவரில் அடுத்திருப்பவராக நடந்துகொண்டவர் யார் என்று அவரிடமே கேட்டார் (லூக் 10:29-37). விடை, கேள்வி கேட்டவரின் வாயிலிருந்தே வந்தது. தூய தோமா அக்குவினாசும் தமது இறையியல் தொகுப்பில் எதிர்க்கருத்துகளை முதலில் வைத்த பின்னரே தம் விடையைத் தந்தார்.

செபங்களையும் கட்டளைகளையும் மனப்பாடம் செய்வது தேவையே. ஆசிரியரின் விளக்கமும் தேவையே. ஆனால் அத்தோடு வகுப்பு முடிந்துவிடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் 20 நிமிடம் விளக்குவோம். பிறகு பிள்ளைகளை நான்கைந்து பேராக அமர்த்தி, பேசவும் கேட்கவும் விடுவோம். விடை தெரியாதபோது, "அடுத்த வாரம் சேர்ந்து தேடுவோம்" என்பது ஆசிரியருக்கு இழுக்கல்ல.

சிலுவையில் தொங்கிய இயேசுவும் தந்தையிடம் 'ஏன்' என்றே கேட்டார் (மாற் 15:34). அன்று அந்தச் சிறுமியிடம் நாம் இதையாவது சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு இன்னொரு பிள்ளை எழுந்து நிற்கும். அந்தக் குரலுக்குச் செவிகொடுப்போம்.