மாத்திரை போட்டால் போதுமா? வயிறு வழிவிட வேண்டுமே!

தம்பின் – விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பத்து மணிக்குத்தான் பசியாறுவது தோட்டப்புறத்தில் பலரின் பழக்கம். டவுனிலோ, நாசி லெமாக் சாப்பிட்ட கையோடு தலைவலிக்கு இரண்டு பனடோல். அரை மணி நேரத்தில் வலி குறையாவிட்டால் இன்னும் இரண்டு. இந்த இரண்டு பழக்கமும் ஆபத்தானவை.

நாம் விழுங்கும் பெரும்பாலான மருந்துகள் இரைப்பையில் இரத்தத்தில் கலப்பதில்லை. அதைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போன பிறகே கலக்கின்றன. வெறும் வயிற்றில் குடித்த தண்ணீர் சீக்கிரமே இரைப்பையை விட்டு இறங்கிவிடும். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சாப்பாடு இறங்க 4 மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். அதனோடு மாத்திரையும் காத்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆய்வாளர்கள் 1973-இல் இதைக் காட்டினர். இரைப்பை விரைவாகக் காலியானவர்களுக்குப் பாராசிட்டமால் விரைவாக இரத்தத்தில் ஏறியது. மெதுவாகக் காலியானவர்களுக்குத் தாமதமானது. பனடோலில் இருப்பதும் அதே மருந்துதான். தாமதமாவதால் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணக்கூடாது. அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

சர்க்கரை மாத்திரையின் கதை வேறு. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உழைத்தால் இரத்தத்தில் சர்க்கரை வேகமாக இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், மயக்கமும் வரும். மெட்ஃபோர்மினையோ வயிற்றுப் புரட்டலைக் குறைக்கச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடன் எடுக்கச் சொல்வார்கள்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். நீண்டகால நீரிழிவு, இரைப்பையை இயக்கும் நரம்பையே பாதிக்கலாம். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, உப்புசம், வாந்தி ஆகியவை அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்துப் பையில் 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன். 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பிட்ட பின். நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள். அடுத்த முறை கிளினிக்கில் மருந்து வாங்கும்போது, "ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறேன், பத்து மணிக்குத்தான் சாப்பிடுவேன், இதை எப்போது போடுவது?" என்று கேளுங்கள். உங்கள் வேலை நேரம் தெரிந்தால்தான் அவர்களும் சரியான நேரத்தைச் சொல்ல முடியும்.