ஏட்டுச் சுரைக்காயா ஏகபோகத் தடைச் சட்டம்?

எண்ணெய்க்கு ஒரு கூட்டு, சர்க்கரைக்கு ஒரு கூட்டு என்று டாலர் சீமான்கள் அமெரிக்காவைக் கூறுபோட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1890-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. ஷெர்மன் சட்டம் என்று பெயர். வாணிபத்தைத் தனியொருவர் வளைத்துப்போடுவது குற்றம் என்றது அது.

யானைக்கென்று செய்த அந்த விலங்கு யார் காலில் விழுந்தது தெரியுமா, தோழர்களே? 1895-இல் சர்க்கரைக் கூட்டு சுப்ரீம் கோர்ட்டில் தப்பிவிட்டது. 1908-இல் அதே கோர்ட்டில் தொப்பித் தொழிலாளர் மாட்டிக்கொண்டனர்! அவர்கள் சங்கம் நடத்திய பகிஷ்காரம் ஷெர்மன் சட்டத்துக்கு விரோதமாம்! உழைப்பு விற்பனைச் சரக்கல்ல என்று 1914-இல் இன்னொரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

சட்டம் பேசுவதில்லை, அதைப் படிப்பவர் பேசுகிறார். அதைக் காட்டுகிறது லீனா கான் என்ற சட்ட அறிஞரின் வாழ்க்கை.

1978-இல், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் போர்க் ஒரு நூல் எழுதினார். நுகர்வோர் நலனே இச்சட்டத்தின் நோக்கம் என்றார். கோர்ட்டுகள் அதைப் பிடித்துக்கொண்டன. விலை ஏறவில்லையா? அப்படியானால் கம்பெனி எவ்வளவு பெருத்தாலும் பாதகமில்லை என்ற போக்கு வளர்ந்தது. கூலி என்ன ஆகிறது என்பது பின்னுக்குப் போயிற்று.

அதே யேலில் படித்த மாணவி லீனா கான். லண்டனில், பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்து, பதினோராம் வயதில் அமெரிக்கா போனவர். 2017-இல், மாணவியாக இருக்கும்போதே, அமேசான் கம்பெனியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். போர்க் தம் நூலுக்கு வைத்த தலைப்பையே திருப்பிப் போட்டு வைத்தார்!

அவர் கேட்டது இதுதான்: சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவனே அங்கு கடையும் விரித்தால், பக்கத்துக் கடைக்காரன் பிழைப்பதெப்படி? இன்று மலிவாக விற்கிறான் என்பதற்காக நாளை வரும் கேட்டைப் பாராதிருப்பதா?

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியையானார். 2021 ஜூனில், 32-ஆம் வயதில், கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் தலைவரானார். அந்த நாற்காலியில் அவ்வளவு இளையவர் அதற்குமுன் அமர்ந்ததில்லை.

அங்கே உழைப்பவன் கணக்கையும் பார்த்தார். மிச்சிகன் மாநிலத்தில் ஒரு காவல் நிறுவனம். அதன் காவற்காரர்களுக்குச் சொற்பக் கூலி. வேலையை விட்டால், இரண்டாண்டுக்கு, 100 மைல் சுற்றளவில், போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது. மீறினால் 1,00,000 டாலர் கட்டவேண்டும் என்று ஒப்பந்தம்! கொத்தடிமைச் சீட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமா? 2023-இல் ஆணையம் அதை ஒழித்தது. 2024 ஏப்ரலில், இத்தகைய ஒப்பந்தங்களுக்கு நாடெங்கும் தடைவிதி செய்தது. ஏறத்தாழ 3 கோடித் தொழிலாளர் இவற்றில் கட்டுண்டவர்கள் என்பது ஆணையத்தின் கணக்கு.

க்ரோகர், ஆல்பர்ட்சன்ஸ் என்ற இரண்டு பெரும் மளிகைக் கம்பெனிகள் 2,460 கோடி டாலரில் ஒன்றாக முயன்றன. ஒரு கடையில் வேலைநிறுத்தம் என்றால் வாடிக்கைக்காரர் மறு கடைக்குப் போவார். அந்தப் பயத்தில்தான் முதலாளி சங்கத்தோடு பேசுகிறான். இரண்டும் ஒன்றானால் எந்த மறு கடை? ஆணையம் கோர்ட்டில் வைத்த வாதங்களில் இதுவும் ஒன்று. கடைகளுக்கிடையே போட்டி அழியும் என்ற வாதத்தை ஏற்று, 2024 டிசம்பரில் கோர்ட் அந்த இணைப்பைத் தடுத்தது.

வெற்றி மட்டுமா? தோல்வியும் உண்டு. மைக்ரோசாஃப்ட் வழக்கில் 2023-இல் தோற்றார். பெருத்திருப்பதே குற்றமா என்று எதிராளிகள் கேட்டனர். 3 கோடிப் பேருக்கான விதியையும், ஆணையத்துக்கு அந்த அதிகாரமில்லை என்று கூறி, டெக்சாஸ் கோர்ட் 2024 ஆகஸ்டில் தள்ளிவிட்டது. 2025 ஜனவரியில் ஆட்சி மாறியது. அவர் நாற்காலியும் போயிற்று. செப்டம்பரில் புதிய ஆணையம் அப்பீலையே கைவிட்டது.

பார்த்தீர்களா, தோழர்களே! ஷெர்மன் சட்டத்தை யாரும் கிழித்தெறியவில்லை. படிக்கும் கண் மாறியது; பலன் மாறியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கூலிக்காரன் பார்வையில் சட்டத்தைப் படிக்க ஒரு லீனா கான் போதாது. படிக்கத் தெரிந்த தொழிலாளர் சங்கந்தோறும் வேண்டும்!