நூலகம், கணிப்பொறி, வெளியாள்: மன்னார்குடிப் பக்கமிருந்து சில குறிப்புகள்

1931 அக்டோபரில் மன்னார்குடியை ஒட்டிய மேலவாசல் கிராமத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி கிளம்பியது. ஏற்றியிருந்தது நெல்மூட்டை அல்ல, புத்தகம். ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை முன்னின்று நடத்திய நடமாடும் நூலகம் அது. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வண்டி போகும், புத்தகம் கொடுக்கும், அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்ளும். அதே 1931இல்தான் எஸ்.ஆர். ரங்கநாதனின் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' வெளிவந்தது. ரங்கநாதன் சீர்காழிக்காரர், பழைய தஞ்சை ஜில்லாவின் ஆள். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனவர். வாசகன் சீட்டு எழுதிக் கொடுக்க, சிப்பந்தி உள்ளே போய் எடுத்து வருகிற முறையை மாற்றி, ரேக்குகளுக்கு நடுவே வாசகனை நடக்க விட்டார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல என்பது அவருடைய முதல் விதியின் சாரம்.

வண்டி ஊரைத் தேடிப் போனது, பூட்டு திறந்தது: இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு முனைகள். இதை இங்கே நினைவுபடுத்துவது பெருமைக்காக அல்ல. இன்றைய பல்கலைக்கழக நூலகத்தில் கணிப்பொறி வந்தபின் இந்த இரண்டு முனைகளுக்கும் என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான். கணிப்பொறி வந்துவிட்டால் அறிவு தானாகவே எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்ற பேச்சு நம் ஆட்களிடமும் இருக்கிறது. முன்னேற்றம் பற்றிய சொல்லாடல்களில் இது ரொம்ப செல்வாக்கானது. நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் ஒரு எளிய விஷயம். அச்சு இதழ் காலத்தில் நூலகம் இதழை வாங்கியது. சந்தாவை நிறுத்தினாலும் அதுவரை வந்தவை பைண்டு செய்யப்பட்டு ரேக்கில் இருக்கும். உள்ளே வந்த யார் வேண்டுமானாலும் புரட்டலாம். மின்னிதழை நூலகம் வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறது. இதழ் இருப்பது பதிப்பாளரின் கணிப்பொறியில். மாணவர் திறக்கும்போது அந்தக் கணிப்பொறி, கேட்கிற எந்திரத்தின் இணைய முகவரி எண்ணைப் பார்க்கிறது. சந்தா கட்டிய பல்கலைக்கழகத்தின் எண் வரிசைக்குள் இருந்தால் கதவு திறக்கும், இல்லையென்றால் ஒரு கட்டுரைக்கு இத்தனை டாலர் என்று விலைச்சீட்டு வரும். வீட்டிலிருந்து படிக்க நிறுவனம் தரும் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். சந்தா நின்றால், பழைய ஆண்டுகளுக்குமான உரிமை தனியாக எழுதப்பட்டிருந்தாலொழிய, போன வருஷம் படித்த கட்டுரையும் சேர்ந்து போய்விடும். ரேக் காலி ஆனது கண்ணுக்குக்கூடத் தெரியாது.

ஆக, யார் வாசகர் என்று தீர்மானிப்பது இப்போது நூலகரும் அல்ல, பல்கலைக்கழகமும் முழுசாக அல்ல. உரிம ஒப்பந்தத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று ஒரு பிரிவு இருக்கும், அதுதான் தீர்மானிக்கிறது. அதிகாரம் தடுப்பதன் மூலம் மட்டுமல்ல, வகைப்படுத்துவதன் மூலமும் வேலை செய்கிறது என்று நாம் கோட்பாட்டில் படித்ததை இந்தப் பிரிவில் அப்பட்டமாகப் பார்க்கலாம். மாணவர், ஆய்வாளர், ஆசிரியர் எல்லாம் பயனர். படிப்பு முடித்தவர், பள்ளி ஆசிரியர், பத்திரிகைக்காரர், விவசாய சங்கத்துக்காரர் எல்லாம் வெளியாள்.

வெளியாளுக்கு இந்தக் கட்டுரைகள் எதுக்கு என்று கேட்பவர்கள் உண்டு. மன்னார்குடியில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. இந்த வட்டாரத்தின் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் தரப்பட்டது. 2011 தொடக்கத்தில் மாநில அரசு ஒப்பந்தம் போட்டது. எடுக்கும் முறை இது: நிலத்தடி நீரின் அழுத்தம் நிலக்கரியில் வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. நீரை இறைத்து வெளியேற்றினால் அழுத்தம் குறையும், வாயு விடுபடும். அதாவது வாயு எடுப்பதற்கு முன்னால் தண்ணீர் எடுக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர், எத்தனை வருஷம், மேலே இருக்கிற நீரடுக்கு இறங்குமா, கடற்கரையோரம் உப்பு உள்ளே வருமா, இறைத்த நீரை எங்கே விடுவது? இவை கோஷத்தால் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல. நீரியல், புவியியல் இதழ்களில் இருக்கிற ஆய்வுகளைப் படித்தாக வேண்டிய கேள்விகள். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும், 2013இல் அரசு நிபுணர் குழு அமைத்ததும், 2015 அக்டோபரில் மாநில அரசு திட்டத்தை நிராகரித்ததும் தெரிந்த வரலாறு. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அப்புறமும் 2023இல் நிலக்கரி ஏலப் பட்டியலில் டெல்டாவின் வடசேரி இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு முறையும் கம்பெனித் தரப்புக்கு ஆலோசகர் உண்டு, ஆலோசகருக்குச் சந்தா உண்டு. வயலின் மேல் நிற்கிறவருக்கு விலைச்சீட்டுதான். எங்கள் மண்ணைப் பற்றி எழுதியதை நாங்கள் படிக்கணும்னா டாலர் கட்டணுமா என்று ஒருவர் கேட்டால் அதில் மிகை ஒன்றுமில்லை. ஆய்வாளரின் சம்பளம் பெரும்பாலும் பொதுப்பணம், ஆய்வு செய்யப்பட்ட மண் இங்கே இருக்கிறது, கட்டுரையைச் சரிபார்த்த பேராசிரியர் கூலி வாங்குவதில்லை. பெரிய பதிப்பாளர்களில் முதன்மையான எல்செவியர் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாபம் காட்டுகிறது. வெள்ளாமை யாருடையது, களத்துமேட்டில் மூட்டை கட்டுகிறவர் யார் என்ற பழைய கேள்விதான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்க 1991இல் 'இன்ஃப்ளிப்நெட்' தொடங்கப்பட்டது. 2004இலிருந்து பல்கலைக்கழகங்களுக்குக் கூட்டுச் சந்தாவில் மின்னிதழ்கள் வந்தன, பிறகு 'என்-லிஸ்ட்' திட்டத்தில் கல்லூரிகளுக்கும் கடவுச்சொல் கிடைத்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை ஏற்றது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மன்னார்குடி மாதிரி ஊரின் அரசுக் கல்லூரி மாணவிக்கும் சென்னை ஐ.ஐ.டி. மாணவருக்கும் காகிதத்தில் ஒரே ரேக். இது சின்ன விஷயமில்லை, மறுக்கத் தேவையுமில்லை.

ஆனால் இரண்டைக் கவனிக்கணும். ஒன்று, நாட்டுக்கே சந்தா என்று பேர் வைத்தாலும் திறப்பது நிறுவனத்துக்குத்தான். பின்னொரு கட்டத்தில் பொது நூலகம் வழியாக மக்களுக்கும் என்ற பேச்சு இருக்கிறது, பேச்சாக. இரண்டு, சந்தா இருப்பதும் படிக்க முடிவதும் ஒன்றல்ல. டெல்டாவில் அரசுக் கல்லூரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் டவுன் பஸ்ஸில் வந்து டவுன் பஸ்ஸில் போகிறவர்கள். வகுப்பு முடிகிற நேரமும் நூலகம் மூடுகிற நேரமும் பஸ் கிளம்புகிற நேரமும் பக்கத்தில் பக்கத்தில். மிச்சம் இருப்பது கையிலிருக்கிற போன். இரண்டு பத்தியாக அச்சிட்ட இருபது பக்கக் கட்டுரையை உள்ளங்கைத் திரையில் இழுத்து இழுத்துப் படித்துப் பாருங்கள், தெரியும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பெண் எம்.ஏ. முடித்து, நெட் தேர்வுக்கோ முனைவர் பட்டத்துக்கோ வீட்டிலிருந்து தயாராகிற இரண்டு வருஷம்தான் அவளுக்கு நூலகம் அதிகம் தேவைப்படுகிற காலம். அவள் பெயரில் இருந்த கடவுச்சொல் அப்போது செல்லாது. உயர்சாதி நடுத்தர வர்க்கத்துப் பையனுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு சித்தப்பா மகன் இருப்பான், கேட்டால் அனுப்புவான். இவளுக்கு யார்?

இந்த இடைவெளியில்தான் திருட்டு என்று சொல்லப்படுவது நடக்கிறது. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் தொடங்கிய 'சை-ஹப்' தளத்தைப் பயன்படுத்தாத ஆய்வு மாணவரைத் தேடித்தான் பிடிக்கணும். மூன்று பதிப்பாளர்கள் 2020இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2025இல் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. இதே நீதிமன்றம்தான் 2016இல், தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடைக்கு எதிரான ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் வழக்கில், பாடத்துக்காகப் பக்கங்களை நகலெடுத்துத் தொகுப்பது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்னது. வித்தியாசம் எங்கே? ஜெராக்ஸ் கடைக்காரர் கையில் இருந்தது நூலகம் வாங்கிய புத்தகம். அங்கே பேசியது பதிப்புரிமைச் சட்டம், அதில் கல்விக்கு விலக்கு உண்டு. மின்னிதழில் சட்டத்துக்கு முன்னால் ஒப்பந்தம் வந்து நிற்கிறது. சட்டம் தந்ததை ஒப்பந்தம் எடுத்துக்கொள்கிறது, அதுவும் சத்தமில்லாமல்.

தமிழின் கதை இன்னும் சிக்கல், இதில் வெளிநாட்டுப் பதிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. 1990களில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீட்டு முறை. 1999 தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் 'தமிழ்99' விசைப்பலகையும் டாம், டாப் முறைகளும் வந்தன, 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான ஆய்வேடுகள் அப்படியே கோப்பாகி நிற்கின்றன. 2009 பல்கலைக்கழக மானியக் குழு விதிக்குப் பின் ஆய்வேடுகளை 'சோத்கங்கா'வில் ஏற்றுகிறார்கள், யாரும் இலவசமாகத் திறக்கலாம். இது உண்மையிலேயே வெளியாளுக்குத் திறந்த கதவு, நம்மவர்கள் இன்னும் போதுமான அளவு நுழையாத கதவு. ஆனால் பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஆய்வேட்டுக்குள் 'குத்தகை' என்றோ 'பண்ணையாள்' என்றோ தேடினால் ஒன்றும் வராது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணிப்பொறிக்கு வெறும் ரோமன் எழுத்துக் குப்பை. வெறும் படமாக ஸ்கேன் செய்ததென்றால் அதுவும் இல்லை.

கேட்லாகும் அப்படித்தான். தஞ்சாவூர் என்று தமிழில் அடித்தால் ஒரு பட்டியல், ஆங்கிலத்தில் இன்றைய எழுத்துக்கூட்டலில் இன்னொன்று, 'டான்ஜோர்' என்று வெள்ளைக்காரன் வைத்த பேரில் அடித்தால் மற்றொன்று. மூன்றையும் இணைத்துக் கொடுப்பது எந்திரம் அல்ல, ஆள் செய்ய வேண்டிய வேலை: பெயர்களுக்கு அதிகாரக் கோப்பு எழுதுவது, முன்னெழுத்துகளைச் சரிசெய்வது, பொருள் தலைப்பு தருவது. கணிப்பொறி வாங்க நிதி ஒதுக்குகிறவர்கள் இந்த வேலைக்கு ஆள் போடுவதில்லை. எந்திரத்துக்குத் திறப்பு விழா நடத்தலாம், கேட்லாகருக்கு நடத்த முடியாது.

தஞ்சை சரசுவதி மகால் அரசர்களின் சொந்த நூலகமாக இருந்து 1918இல் பொதுவுக்கு வந்தது. அரண்மனைக் கதவே திறந்த ஜில்லாவில் பல்கலைக்கழகக் கதவைப் பற்றிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். என்ன கேட்பது என்பதில்தான் தெளிவு வேண்டும். உலகெங்கும் பல உரிம ஒப்பந்தங்களில் 'நேரில் வரும் வாசகர்' என்று ஒரு பிரிவு இருக்கிறது: நூலகக் கட்டடத்துக்குள் வந்து அங்குள்ள கணிப்பொறியில் படிக்கிற யாரும் பயனர்தான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் மூன்றும் மக்கள் பணத்தில் நடப்பவை. தங்கள் ஒப்பந்தங்களில் அந்தப் பிரிவு உண்டா, உண்டென்றால் எத்தனை வெளியாட்கள் போன ஆண்டு உட்கார்ந்து படித்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். ஒப்பந்தமே இடம் கொடுத்திருக்க, வாசலில் 'ஐ.டி. கார்டு இருக்கா?' என்று கேட்டு அனுப்பிவிடுகிற பழக்கம்தான் தடையாக இருந்தால், அதற்குப் பதிப்பாளர் பொறுப்பல்ல. பிரிவே இல்லையென்றால், 'ஒரே நாடு ஒரே சந்தா'வுக்கு ஒதுக்கிய மூன்று ஆண்டுகள் 2027இல் முடிகின்றன. அடுத்த ஒப்பந்தத்தில் அது எழுதப்பட வேண்டும் என்று கேட்க நேரம் இருக்கிறது, மாவட்ட மைய நூலகங்களையும் சேர்த்து.