அடுத்த வீட்டுக் கரடியை விரட்டுவது எப்படி?

அடுத்த வீட்டுக்காரரைப் பிடிக்கவில்லை.

காலையில் கதவைத் திறந்தால் அவர் முகம். மாலையில் திரும்பி வந்தால் மறுபடியும் அவர் முகம். அவர் சட்டை பிடிக்கவில்லை. பேச்சு பிடிக்கவில்லை. எப்போது காலி செய்து கொண்டு போவார் என்று மனம் ஏங்குகிறது.

நிஜ வாழ்க்கையில் இதற்கு வழி கிடையாது. பல்லைக் கடித்துக் கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் இதற்கு வழி தேடி, உலகம் முழுவதும் பல லட்சம் பேர் இரவு பகலாக மூளையைக் கசக்கி இருக்கிறார்கள்.

அந்த விளையாட்டின் பெயர் "அனிமல் கிராசிங்". விரட்டப்பட வேண்டிய அடுத்த வீட்டுக்காரர்கள் மனிதர்கள் அல்ல. கரடி, பூனை, எலி, நீர்யானை!

ஊரை விட்டு வந்தவர்

இந்த விளையாட்டு பிறந்த கதை சுவையானது.

ஜப்பானில் கியோட்டோ நகரில் "நின்டெண்டோ" என்ற கம்பெனி இருக்கிறது. அதில் வேலைக்குச் சேர்ந்தவர் கட்சுயா எகுச்சி. இவருடைய ஊர் கிழக்கே உள்ள சிபா. வேலைக்காக வீட்டையும் நண்பர்களையும் விட்டு விட்டுக் கியோட்டோவுக்கு வந்தார்.

புது ஊர். தெரிந்த முகம் ஒன்று கூட இல்லை. நினைத்த நேரத்தில் அம்மாவைப் பார்க்க முடியாது. நண்பன் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. சொந்தக்காரர்களும் நண்பர்களும் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த ஏக்கத்தில் இருந்து பிறந்ததுதான் இந்த விளையாட்டு. இதை அவரே பேட்டியில் கூறி இருக்கிறார்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இந்த ஏக்கத்தை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

எகுச்சியும் ஹிசாஷி நோகாமியும் சேர்ந்து உருவாக்கிய முதல் விளையாட்டு 2001 ஏப்ரலில் ஜப்பானில் வெளிவந்தது. "மிருகங்களின் காடு" என்பது அதன் ஜப்பானியப் பெயரின் பொருள்.

இதில் சண்டை கிடையாது. துப்பாக்கி கிடையாது. வெற்றி, தோல்வியும் கிடையாது. ஆடுபவர் ஒரு சின்ன ஊரில் குடியேறுகிறார். மீன் பிடிக்கலாம். பழம் பறிக்கலாம். கடனை அடைத்து வீட்டைப் பெரிதாக்கலாம். நிஜக் கடிகாரம் ஓடுவது போலவே விளையாட்டிலும் நேரம் ஓடும். வெளியே இரவு என்றால் உள்ளேயும் இரவு.

சுற்றிலும் அண்டை வீட்டுப் பிராணிகள். அவை பேசும், கடிதம் எழுதும், கோபித்துக் கொள்ளும். தனிமையில் வாடிய ஒருவர், அண்டை அயலாரை விரும்பி உருவாக்கிய ஊர் அது. அந்த ஊரிலேயே "இவனை எப்படி விரட்டுவது?" என்ற கேள்வி முளைத்ததுதான் வேடிக்கை!

கரடியும் பூனையும்

2020 மார்ச் 20-ந்தேதி இந்த வரிசையில் "நியூ ஹொரைசன்ஸ்" என்ற விளையாட்டு வெளிவந்தது. கொரோனாவுக்குப் பயந்து உலகமே வீட்டுக்குள் முடங்கிய நேரம் அது. இந்தியாவில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது அதற்கு 4 நாள் கழித்துத்தான்.

மக்கள் வெளியே போக முடியவில்லை. விளையாட்டுத் தீவுக்குப் போனார்கள். முதல் 12 நாளில் 1 கோடியே 17 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. இதுவரை விற்றவை 4½ கோடிக்கு மேல்.

இந்தத் தீவில் 10 பிராணிகள்தான் குடியிருக்கலாம். ஆனால் குடிவரக் காத்திருக்கும் பிராணிகளோ 400-க்கும் மேல். இடம் 10, ஆள் 400 என்றால் என்ன ஆகும்? போட்டிதான்!

ரேமண்ட் என்று ஒரு பூனை. ஒரு கண் ஒரு நிறம், மறு கண் வேறு நிறம். மூக்குக் கண்ணாடி போட்டு ஆபீஸ் அதிகாரி போல இருக்கும். இது எல்லோருக்கும் வேண்டும்.

பாரோல்ட் என்று ஒரு கரடிக்குட்டி. சோம்பேறி. சாப்பாட்டுப் பேச்சுதான் எப்போதும். இது பலருக்கு வேண்டாம். ராட்னி என்ற வெள்ளெலியும், ஹாரி என்ற நீர்யானையும் அப்படித்தான். இவை செய்த குற்றம் எதுவும் இல்லை. முகம் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

ரேமண்டைக் குடிவைக்க வேண்டுமானால் ஒரு வீடு காலியாக வேண்டும். யாரைக் காலி செய்வது? பாவம், பாரோல்ட்!

வலையால் அடி!

விரட்டுவதற்கு ஆட்கள் கையாண்ட முறைகள் பயங்கரமானவை.

பூச்சி பிடிக்கும் வலையால் தலையில் அடித்தார்கள். அடி வாங்கிய கரடி முதலில் திகைத்தது. மேலும் அடித்தால் கோபித்துக் கொண்டது. சிலர் நடக்கும் வழியில் நின்று இடித்துத் தள்ளினார்கள். சிலர் சுற்றிலும் குழி தோண்டி, நகர முடியாமல் நிறுத்தி வைத்தார்கள். சிலர் குப்பையைப் பரிசாக அனுப்பினார்கள். வேறு சிலர் கடிதத்தில் கண்டபடி திட்டி எழுதினார்கள்.

பலன்?

ஒன்றும் இல்லை!

திட்டிக் கடிதம் எழுதினால் அதன் பொருள் விளையாட்டுக்குத் தெரியாது. அடித்தால் அந்தப் பிராணிக்கு ஆடுபவர் மேல் உள்ள பிரியம் குறையும். ஆனால் அதற்காக அது மூட்டை கட்டாது. விளையாட்டின் உள் அமைப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் 2020-லேயே இதைக் கண்டுபிடித்து விட்டார்கள். அடிக்கு அஞ்சி ஓடும் கரடி அந்தத் தீவில் இல்லை.

ஆனாலும் பலர் நம்பவில்லை. வலையால் அடித்தார்கள். சில நாள் கழித்து அந்தப் பிராணி தற்செயலாகப் போனது. "பார்த்தாயா, அடித்ததால்தான் போயிற்று" என்றார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!

இசபெல்லிடம் புகார்

தீவில் ஒரு ஆபீஸ் உண்டு. அங்கே இசபெல் என்ற நாய் வேலை பார்க்கிறது. குடியிருப்பவர் மீது அதனிடம் புகார் கொடுக்கலாம்.

"இவர் பேச்சு சரியில்லை", "இவர் உடை சரியில்லை" என்று சொன்னால் இசபெல் அக்கறையோடு கேட்டுக் கொள்ளும். தானே போய்ப் பேசுவதாகச் சொல்லும்.

இதைப் பலர் வெளியேற்றும் மனு என்று நினைத்தார்கள். அடுத்த நாள் பார்த்தால் கரடி அங்கேயே இருக்கிறது! புகாரின் பலன் இவ்வளவுதான்: யாரோ சொல்லிக் கொடுத்த வார்த்தையை விட்டு விட்டுப் பழைய பேச்சுக்கு அது திரும்பும். யாரோ கொடுத்த சட்டையை விட்டு விட்டுப் பழைய சட்டையைப் போடும். வீட்டைக் காலி செய்ய உத்தரவு போடும் அதிகாரம் இசபெல்லுக்கு இல்லை.

தலைக்கு மேல் மேகம்

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது.

சில நாளுக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பிராணி தீவில் யோசனையோடு உலாவும். அதன் தலைக்கு மேல் சின்ன மேகம் போல ஒரு குறி தெரியும். கிட்டே போய்ப் பேசினால், "வேறு ஊருக்குப் போகலாமா என்று பார்க்கிறேன்" என்று சொல்லும்.

"போகாதே" என்றால் இருந்து விடும். "போய் வா" என்றால் அடுத்த நாள் வீட்டுக்குள் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும். அதற்கு மறுநாள் வீடு இருந்த இடம் வெறும் மனை.

யார் இப்படிக் கேட்பது என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பிரியம் அதிகமாக உள்ள பிராணி கேட்பதற்கு வாய்ப்பு சற்றுக் குறைவு. ஆனால் கேட்கவே கேட்காது என்று சொல்ல முடியாது. உயிருக்கு உயிராகப் பழகிய பிராணியும் ஒரு நாள் வந்து இதே கேள்வியைக் கேட்கும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் கருவியின் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு மாதத்தை ஓட்டினார்கள். வேண்டாதவர் கேட்கும் வரை நாட்களைத் தாண்டினார்கள்.

மூன்று நாள் விருந்தாளி

குறி வைத்து ஆளை மாற்றவும் ஒரு வழி உண்டு. அதற்குக் கடையில் காசு கொடுத்து "அமீபோ" என்ற அட்டை வாங்க வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பிராணி.

அட்டையைக் கருவியில் வைத்தால் அந்தப் பிராணி தீவில் உள்ள கூடாரத்துக்கு விருந்தாளியாக வரும். கேட்ட பொருளைச் செய்து கொடுக்க வேண்டும். இப்படி மூன்று முறை வரவழைத்தால், மூன்றாவது முறை அது குடிவரச் சம்மதிக்கும். தீவில் இடம் இல்லை என்றால், "யாரை அனுப்புவது?" என்று கேள்வி வரும். விரலைக் காட்டினால் போதும். அந்த வீடு காலி.

அட்டை இல்லாமல் தானாகக் கூடாரத்துக்கு வரும் விருந்தாளியும் உண்டு. அதையும் குடிவைக்கலாம். ஆனால் யார் இடத்தில் குடிவருவது என்பதை அந்த விருந்தாளியே சொல்லும். கரடியை அனுப்ப நினைத்தவரிடம், அவருக்கு மிகவும் பிடித்த மானின் பெயரைச் சொல்லும்! வேண்டாம் என்றால் விருந்தாளி கிடைக்காது.

கள்ளச் சந்தை

வீடு காலியானதும் வேட்டை தொடங்கியது.

ஒரு விமானச் சீட்டுக்கு விளையாட்டில் 2,000 மைல் புள்ளி செலவு. அதைக் கொடுத்தால் ஆள் இல்லாத தீவு ஒன்றுக்குப் போகலாம். அங்கே ஒரு பிராணி நிற்கும். பிடித்தால் அழைத்து வரலாம். பிடிக்காவிட்டால் திரும்பி வந்து இன்னொரு சீட்டு.

மொத்தம் 35 இனங்கள். எந்த இனம் என்பது முதலில் முடிவாகும். அந்த இனத்தில் யார் என்பது பிறகு முடிவாகும். பூனை இனத்தில் 20-க்கும் மேல் உண்டு. அதில் ரேமண்ட் ஒன்று. சராசரியாக 800 தடவை போனால் ஒரு தடவை கிடைக்கலாம்!

விளைவு? 2020-ல் ரேமண்டை நிஜப் பணத்துக்கு விற்கத் தொடங்கினார்கள். கையில் பிடிக்க முடியாத பூனை. திரையில் மட்டும் வாழும் பூனை. அதற்கும் கள்ளச் சந்தை!

பெட்டி அடுக்கிய பிராணியை இன்னொருவர் அவருடைய கருவியில் இருந்து வந்து தம் தீவுக்கு அழைத்துப் போகலாம். விற்பனை நடந்தது இந்த வழியில்தான். அப்படிப் போகும் பிராணி, பழைய ஊரில் கிடைத்த சட்டையையும், பழைய ஊர்க்காரர் சொல்லிக் கொடுத்த வார்த்தையையும் தன்னுடன் கொண்டு போகும். புது ஊரில் போய் அதே வார்த்தையைப் பேசும். விரட்டி விட்டவர் மறந்திருப்பார். அது மறக்காது.

பட்டியல் போட்டவர் யார்?

யாருக்கு எது அழகு என்பதை முடிவு செய்தது யார்?

முதல் வரிசை, இரண்டாம் வரிசை, கடைசி வரிசை என்று பட்டியல்கள் வந்தன. அதைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் தீவைச் சரி செய்தார்கள். தொடங்கிய நாளில் இருந்து கூடவே இருந்து, முதல் மரம் வெட்டும்போது பக்கத்தில் நின்ற பிராணி, பட்டியலில் கீழே இருந்தது என்பதற்காகப் போனது. ஒரே பத்து முகம் பல தீவுகளில் குடியேறியது.

பழைய விளையாட்டில் பிராணிகள் முகத்துக்கு நேரே கேலி செய்யும். சண்டை போடும். இருந்தாலும் அவற்றோடு பழகத்தான் வேண்டி இருந்தது. முதலில் முறைத்த கிழட்டு ஓநாய் மெல்ல மெல்லச் சிநேகமானது. அந்த மாற்றத்தைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. புதிய விளையாட்டில் எல்லாப் பிராணிகளும் இனிமையாகவே பேசுகின்றன. "எல்லாம் ஒரே மாதிரி பேசுகின்றன, சலிப்பாக இருக்கிறது" என்று பழைய ஆட்டக்காரர்கள் குறைப்படுகிறார்கள்!

விரட்ட முடியாத ஊர்

கவனித்துப் பார்த்தால் இந்த விளையாட்டில் ஒரு நியாயம் தெரிகிறது.

2012-ல் வந்த விளையாட்டில் ஆடுபவர்தான் ஊருக்கு மேயர். அப்போதும் பிராணிகளை வெளியேற்ற உத்தரவு போட அவருக்கு உரிமை கிடையாது. அந்த விளையாட்டில், கவனிக்காமல் விட்டால் பிரியமான பிராணி கூடச் சொல்லாமல் போய் விடும். புதிய விளையாட்டில் அதை மாற்றினார்கள். கேட்காமல் யாரும் போவது இல்லை. அடித்தாலும் போவது இல்லை.

"போ" என்று நேராகச் சொல்ல அங்கே வழி வைக்கவில்லை. "போகட்டுமா?" என்று அது கேட்டால் பதில் சொல்லலாம். புதியவர் ஒருவர் வாசலில் நின்றால், யார் இடம் விடுவது என்று முடிவு செய்யலாம். வெறும் வெறுப்பு மட்டும் இருந்தால் அதற்குப் பலன் இல்லை.

ஒரு பிராணி மிகவும் நெருங்கிப் பழகினால் சட்டம் போட்ட தன் போட்டோவைப் பரிசாகக் கொடுக்கும். தீவில் கிடைக்கும் பரிசுகளில் பலர் உயர்வாக மதிப்பது அதைத்தான். அதை விரைவில் பெற வழி எது? தினமும் பேச வேண்டும். பரிசு கொடுக்க வேண்டும். பல வாரம் ஆகும்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. போட்டோவை வாங்கிக் கொண்டு அனுப்பி விடலாம் என்று திட்டம் போட்டுச் சிலர் பாரோல்டுடன் பழகினார்கள். தினமும் பேசினார்கள். கரடியும் போட்டோவைக் கொடுத்தது. ஒரு நாள் தலைக்கு மேல் மேகத்தோடு வந்து, "போகட்டுமா?" என்று கேட்டது.

"போகாதே" என்று சொல்லி விட்டார்கள்!

முகம் பிடிக்காமல் இருந்ததற்குக் காரணம், பேசாமல் இருந்ததுதான் போலும்.