மூலைமட்டம் வாங்க முன் ஒரு பென்சில் கோடு



தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஆசாரி வேலை பழகி வருகிறார்கள். கொழும்புக் கடைகளுக்குப் போய்ச் சீரழியாமல் ஊரிலேயே ஒரு கைத்தொழிலைச் செய்து பிழைப்போம் என்று நினைப்பது நல்ல விடயம். அந்தப் பிள்ளைகளுக்காகவும், சாமான் வாங்க அவர்களுக்குக் காசு கொடுக்கும் தாய் தகப்பன்மாருக்காகவும் இம்முறை இதை எழுதுகிறோம்.

கலஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. அம்மா தீபாவளி அட்வான்ஸில் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசில் ஒரு தம்பி கொம்பினேஷன் ஸ்குவெயார் வாங்கினான். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டிய குடும்பமொன்றுக்கு அதை வைத்துத்தான் பலா மரத்தில் கதவு நிலை செய்தான். நிலையைச் சுவரோடு சேர்த்துக் கட்டியும் ஆயிற்று. கதவு மாட்டும் நாளில் மேலே ஒரு மூலை இடித்தது, மறுபக்கம் பென்சில் நுழையுமளவு இடைவெளி. "மழை வருது தம்பி, கதவில்லாம பிள்ளைகள எப்புடிப் படுக்க வைக்கிறது?" என்று வீட்டுக்கார அக்கா கேட்க, பையனால் பதில் சொல்ல முடியவில்லை. கூலியும் போச்சு, பேரும் போச்சு. லயத்தில் எல்லோரும் "கை சரியில்ல" என்றார்கள்.

நாம் போய் அந்த மட்டத்தைச் சோதித்துப் பார்த்தோம். பிழை கையில் இல்லை, மட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் நிலையைச் சுவரில் வைக்க முன் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். அது தம்பியின் கவனயீனம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தச் சாமானைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். சாதாரண மூலைமட்டத்தில் தகடும் பிடியும் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். கொம்பினேஷன் ஸ்குவெயாரில் தகடு ஓர் அடிமட்டம் போல இருக்கும். அதன் நடுவே நீளமாக ஒரு பள்ளம் ஓடும். 'தலை' என்கிற பாகம் அந்தத் தகட்டில் முன்னும் பின்னும் ஓடும். வேண்டிய இடத்தில் நிறுத்தித் திருகை இறுக்கிக்கொள்ளலாம். தலையின் ஒரு பக்கம் 90 பாகை, மறுபக்கம் 45 பாகை. மூலை பார்க்கலாம், சாய்வுக் கோடு போடலாம், உளி போட்ட குழியின் ஆழம் அளக்கலாம், பலகை ஓரத்திலிருந்து ஒரே அகலத்தில் நீளக்கோடு இழுக்கலாம். அமெரிக்காவைச் சேர்ந்த லாரோய் ஸ்டாரெட் என்பவர்தான் 1870களின் பிற்பகுதியில் இதைக் கண்டுபிடித்தார். 1880 இல் ஆதொல் என்ற ஊரில் அவர் தொடங்கிய கம்பனி இன்றும் 'ஸ்டாரெட்' என்ற பெயரில் இதைச் செய்கிறது. ஜப்பானின் மிட்டுடோயோவும் பேர் பெற்றது. இவற்றின் விலை எமது கைக்கு எட்டாது. நிலை, ஜன்னல் செய்ய அவ்வளவு துல்லியம் தேவையுமில்லை. நடுத்தர விலைச் சாமானிலும் சரியானது கிடைக்கும். அதைச் சோதித்து எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சோதனைக்குக் காசு வேண்டாம். ஓரம் நேராக உள்ள ஒரு பலகைத் துண்டும், கூராகச் சீவிய பென்சிலும் போதும். கண்டி டவுனுக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போங்கள். தலையைப் பலகை ஓரத்தில் நன்றாக அழுத்தி வைத்து, தகட்டோரமாக ஓர் அடி நீளத்துக்குக் கோடு போடுங்கள். பிறகு மட்டத்தை மறுபக்கம் புரட்டுங்கள். முதல் கோடு தொடங்கிய அதே இடத்தில் தகட்டை வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விரிந்தால் பிழை. விரிவில் பாதிதான் மட்டத்தின் உண்மையான பிழை. தம்பியின் மட்டத்தில் இரண்டு மில்லிமீற்றர் விரிந்தது. ஆகவே அடிக்கு ஒரு மில்லிமீற்றர் பிழை. "ஒரு மில்லிமீற்றர் தானே!" என்று நீங்கள் நினைக்கலாம். ஏழடி நிலையில் அது ஏழு மில்லிமீற்றர் ஆகிவிடும். கதவோரம் நுழைந்த பென்சிலின் தடிப்பும் அவ்வளவுதான்.

பலகையின் ஓரம் வளைந்திருந்தால் சோதனை பொய் சொல்லும். ஓரத்தில் தகட்டை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

90 சரியென்று கண்டபின் 45 பக்கத்தையும் விடாதீர்கள். ஒரே ஓரத்திலிருந்து இடமாக ஒன்று, வலமாக ஒன்று என இரண்டு சாய்வுக் கோடுகள் போட்டு, ஒன்றையொன்று வெட்டவிடுங்கள். வெட்டும் இடத்தில் சரியான மூலை விழ வேண்டும்.

அடுத்தது திருகு. இறுக்கியபின் தகட்டின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமாவது ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். தகட்டை நகர்த்தி இன்னும் இரண்டு இடங்களில் இறுக்கிப் பார்ப்பதும் நல்லது. ஓரிடத்தில் சரியாக நிற்கும் மலிவுச் சாமான் இன்னோரிடத்தில் கோணிக்கொள்ளும். தலை வார்ப்பிரும்பிலோ உருக்கிலோ இருந்தால் நல்லது. நாகம் கலந்த வார்ப்பு இலேசானது, விலையும் குறைவு. ஆனால் அதன் முகங்கள் சீக்கிரம் தேயும். அளவுக் கோடுகள் தகட்டில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். நகத்தால் தடவினால் தட்டுப்பட வேண்டும். மையால் அச்சடித்தது சில மாதத்தில் அழிந்துபோகும். பளபளப்பான தகட்டில் வெயில் பட்டால் எண் தெரியாது. மங்கலான வெள்ளி நிறமே கண்ணுக்கு நல்லது. தலையில் உள்ள சின்ன நீர்மட்டத்தை நம்பி நிலை நிறுத்த வேண்டாம், அதற்கு நீளமான மட்டம்தான் வேண்டும்.

சோதிக்க விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் சண்டை பிடிக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள். பில்லை மறக்காமல் வாங்குங்கள். தம்பியிடம் பில் இருக்கவில்லை. கொண்டுபோன மட்டத்தை மாற்றிக் கொடுக்கவில்லை.

கையில் காசு குறைவென்றால் எமது அபிப்பிராயம் இதுதான்: மோசமான கொம்பினேஷன் ஸ்குவெயாரை விட, அசையாத பிடியுள்ள சாதாரண மூலைமட்டம் எவ்வளவோ மேல். அதையும் இதே பென்சில் சோதனையில் பார்த்து எடுங்கள். பெரிய நிலைக்கு எந்த ஓரடி மட்டமும் தனியாகப் போதாது. மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறு பக்கம் நாலடி குறித்து, குறுக்கே சரியாக ஐந்தடி வருகிறதா என்று பாருங்கள். கயிறு கொண்டே பார்க்கலாம். உடுநுவரையில் உள்ள எம்பெக்கே தேவாலயத்துக்குப் போனவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். 14 ஆம் நூற்றாண்டுக் கோயில் அது. 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து கூடுகின்றன. கொம்பினேஷன் ஸ்குவெயார் பிறப்பதற்கு ஐந்நூறு வருஷம் முந்திய காலம்!

மலைநாட்டு மழையிலும் பனியிலும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெசின் எண்ணெயை இலேசாகப் பூசித் துணியில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்குப் பிடிக்கும். கீழே விழுந்தால் திரும்பவும் கோடு போட்டுப் பார்க்காமல் வேலை தொடங்காதீர்கள். சுத்தியலாகப் பாவிப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல!

அந்த அக்காவின் வீட்டு நிலையைக் கழற்றி, தம்பியே திருத்திக் கொடுத்துவிட்டான். சோதித்த நேரான பலகை ஒன்றை எமது காரியாலயத்தில் வைத்திருக்கிறோம். மூலைமட்டம் வைத்திருப்பவர்கள் வேலை நாட்களில் கொண்டுவந்தால், கூட நின்று பார்த்துத் தருவோம். பென்சிலும் இருக்கிறது.