ஆன்லைனில் ஏஐ முதுகலை: காஞ்சிபுரத்தில் இருந்தே படிக்கலாம், ஆனால் பணம் கட்டும் முன் இதைப் பாருங்க

வீடு காஞ்சிபுரத்தில், வேலை ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ சென்னையிலோ. கையில் ஒரு பி.இ., பி.எஸ்சி. அல்லது பிசிஏ. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து மொபைலைத் திறந்தால் விளம்பரம் வந்து நிற்கிறது: 'வேலையை விட வேண்டாம், வீட்டிலிருந்தே செயற்கை நுண்ணறிவில் முதுகலைப் பட்டம்.' கூடவே இஎம்ஐ வசதி, 'இன்றே கடைசி நாள்' என்ற அவசரம்.

நல்ல வாய்ப்புதான். ஆனால் இரண்டு வருட உழைப்பும் பெரிய தொகையும் இதில் போகிறது. பட்டுச் சேலை வாங்கினால் சில்க் மார்க் இருக்கிறதா, ஜரிகை அசலா என்று உரசிப் பார்க்கும் ஊர் இது. பட்டம் வாங்கும்போதும் அந்தக் கறார் வேணும்.

இது பட்டமா, சான்றிதழா?

முதல் கேள்வியே இதுதான். 'எக்ஸிகியூட்டிவ் புரோகிராம்', 'போஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட்' என்றெல்லாம் வருபவை முதுகலைப் பட்டம் கிடையாது. அதில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கலாம். ஆனால் பிஎச்.டி.க்கோ, முதுகலை கேட்கும் ஆசிரியர் பணிக்கோ அதை எம்.எஸ்சி.க்குப் பதிலாகக் காட்ட முடியாது. எம்.எஸ்சி., எம்சிஏ, எம்.டெக். என்று பட்டத்தின் பெயர் தெளிவாக எழுதியிருக்கிறதா, பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்துப் போடுகிறது என்று கேளுங்க. விளம்பரம் செய்யும் நிறுவனம் வேறு, பட்டம் தரும் நிறுவனம் வேறு.

ஆன்லைன் பட்டம் செல்லுமா?

செல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020-ம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் தரும் ஆன்லைன் பட்டம், நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். 2022-ல் யுஜிசி இதை மீண்டும் தெளிவுபடுத்தியது.

ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் அதே படிப்புக்கு, ஆன்லைன் முறைக்கு, நீங்கள் சேரும் பருவத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவான 'டெப்' இணையதளத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. இப்போது இத்தகைய படிப்புகளில் சேர 'டெப் ஐடி' என்ற எண்ணையும் மாணவரே உருவாக்க வேண்டும். 'அதெல்லாம் தேவையில்லை, நாங்க பார்த்துக்கறோம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திடுங்க.

எம்.டெக். ஆன்லைனில் உண்டா?

பொறியியல் பட்டங்களை ஆன்லைனில் நடத்த யுஜிசி விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஐஐடிகள் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. சென்னை ஐஐடி, வேலையில் இருப்பவர்களுக்காக இணையவழி எம்.டெக். படிப்புகளை நடத்துகிறது. யாருக்குத் தகுதி, எந்தத் துறையில் இடம் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்க்க வேண்டும்.

வேலையை விட்டு முழுநேரம் படிக்க முடியும் என்றால், 2024 முதல் கேட் தேர்வில் 'தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு' தனித் தாளாக வந்திருக்கிறது. கேட் மூலம் முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாத உதவித்தொகைக்கும் வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டுப் பட்டம்?

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014 முதல் கணினி அறிவியல் முதுகலையைக் குறைந்த கட்டணத்தில் ஆன்லைனில் நடத்துகிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் சுமார் 10,000 டாலர் கட்டணத்தில் ஏஐ முதுகலையை 2024-ல் தொடங்கியது. தனியார் வேலைக்கு இவை உதவலாம். இந்தியாவில் அரசுப் பணி, பிஎச்.டி. என்ற எண்ணம் இருந்தால், இங்கே சமநிலை கிடைக்குமா என்று சேரும் முன்பே விசாரியுங்க. அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுக் கூட்டணியில் எட்டெக் நிறுவனங்கள் தரும் பட்டங்கள் செல்லாது என 2023 டிசம்பரில் யுஜிசி எச்சரித்தது.

தினமும் எவ்வளவு நேரம்?

விளம்பரம் சொல்லாதது இது. தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கல்வியாண்டு என்பது 40 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரக் கற்றல். இரண்டு வருடத்துக்கு 2,400 மணி. 104 வாரங்களுக்குப் பிரித்தால் வாரம் சுமார் 23 மணி நேரம். வகுப்பு, அசைன்மென்ட், சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்துத்தான். ஷிப்ட் முடித்து வீடு வந்து, தினமும் 3 மணி நேரத்துக்கு மேல். வீட்டில் யார் சமைப்பது, குழந்தையை யார் பார்ப்பது, இரவு ஷிப்ட் வாரத்தில் என்ன செய்வது என்பதையெல்லாம் வீட்டாரிடம் முதலிலேயே பேசிடணும்.

கணக்கு தெரியாமல் முடியுமா?

கஷ்டம். மேட்ரிக்ஸ், நிகழ்தகவு, கால்குலஸ் மூன்றும் வேணும். பயப்பட வேண்டாம், மேட்ரிக்ஸ் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. சேலை டிசைனைக் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். துளை இருந்தால் பாவு நூல் எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. அதாவது 1 அல்லது 0. ஒரு மாங்காய் டிசைன் என்பது எண்களின் கட்டம்தான். படத்தைப் பார்த்து இது மயிலா, அன்னமா என்று சொல்லும் ஏஐ-யும் அந்த எண் கட்டத்தைத்தான் படிக்கிறது. பிரான்சில் 1804-ல் ஜக்கார்டு உருவாக்கிய இந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்.

முதலில் என்ன செய்யலாம்?

பணம் கட்டும் முன் ஒரு வெள்ளோட்டம் பாருங்க. என்பிடெல், ஸ்வயம் தளங்களில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். சென்னை ஐஐடியின் மிதேஷ் கப்ராவின் டீப் லேர்னிங், பாலராமன் ரவீந்திரனின் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் பாடங்கள் அங்கே இருக்கின்றன. முற்றிலும் புதியவர் என்றால் பைத்தானும் நிகழ்தகவும் முதலில்.

12 வாரப் பாடம் ஒன்றை, வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரு அசைன்மென்ட்கூட விடாமல் முடிக்க முடிந்தால் இரண்டு வருடப் படிப்பைத் தாங்குவீர்கள் என்று நம்பலாம். ஐந்தாவது வாரத்திலேயே நின்றுவிட்டால், லட்சங்களை இஎம்ஐயில் கட்டும் முன்பே அது தெரிந்துபோனது நல்லதுதானே!